குழாய்க்கும் தகட்டுக்கும் நடுவே: உறை-குழாய் வெப்பப் பரிமாற்றியின் உள்கட்டுமானம் குறித்து

கேள்வி

எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளில் பராமரிப்புக் காலம் வரும்போது வெப்பப் பரிமாற்றிகளைத் திறப்பார்கள். மூடியைக் கழற்றி, உள்ளிருக்கும் குழாய்க்கட்டை அப்படியே வெளியே இழுப்பார்கள். பட்டறையில் அதற்குப் பெயர் பண்டில். நூற்றுக்கணக்கான குழாய்கள் ஒன்றோடொன்று முட்டாமல் வரிசையாக நிற்கும். அவற்றைக் குறுக்கே வெட்டியபடி, சீரான தொலைவுக்கு ஒன்றாக வட்டத் தகடுகள் நிற்கும். ஒவ்வொரு தகட்டிலும் ஒரு பக்கம் வில்லாக வெட்டப்பட்டிருக்கும். ஒரு தகட்டின் வெட்டு மேலே என்றால் அடுத்ததன் வெட்டு கீழே. பேஃபிள் என்று எல்லோரும் சொல்லும் தடுப்புத்தகடு இதுதான்.

இந்தத் தகடு எதற்கு என்று கேட்டால் பொறியியல் மாணவர் தயங்காமல் சொல்லும் விடை, உறைக்குள் ஓடும் திரவத்தை மேலும் கீழுமாக வளைத்து ஓடவைத்து, குழாய்களைக் குறுக்காகக் கழுவச் செய்வதற்கு என்பது. விடை சரிதான். ஆனால் தகட்டுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அதன் துளைகள்தான் குழாய்களைத் தாங்குகின்றன. இந்த இரண்டு வேலைகளும் ஒரே இடத்தில் வந்து சந்திக்கின்றன: குழாயின் வெளிச்சுவருக்கும் துளையின் விளிம்புக்கும் நடுவே உள்ள, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளியில்.

அந்த இடைவெளியை எப்படிப் புரிந்துகொள்வது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. கடந்த எழுபது ஆண்டுகளில் பொறியாளர்கள் அதை மூன்று விதமாகப் பார்த்திருக்கிறார்கள்: கசிவாக, துருப்பிடிக்கும் மூலையாக, அதிர்வுக்கான இடமாக. மூன்றும் தனித்தனிப் பாடங்களாகவே கற்பிக்கப்படுகின்றன. அப்படிப் பிரித்துக் கற்பித்ததன் விளைவை அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் இருந்த சான் ஒனோஃப்ரே அணுமின் நிலையம் 2012இல் எதிர்கொண்டது. அந்த நிகழ்வை மையமாக வைத்து மூன்று பார்வைகளையும் சேர்த்துப் பார்க்கலாம் என்று கருதுகிறேன்.

உள்ளே இருப்பவை

உறை என்பது ஓர் உருளை. அதன் முனைகளில் குழாய்த்தகடுகள். டியூப் ஷீட் என்று வழங்கும் இந்தத் தடித்த தகடுகளின் துளைகளில் குழாய்களின் முனைகள் இறுகப் பொருத்தப்படுகின்றன. ஒரு பாய்மம் குழாய்க்குள் ஓடும். மற்றொன்று குழாய்களைச் சுற்றி உறைக்குள் ஓடும். இரண்டும் கலக்காமல் வெப்பம் மட்டும் கைமாற வேண்டும். தடுப்புத்தகடுகள் நகராதபடி நீண்ட கம்பிகள் அவற்றைக் கோத்து நிற்கின்றன. தகட்டுக்கும் தகட்டுக்கும் உள்ள தொலைவைக் கம்பிகளின் மேல் மாட்டிய குழல் துண்டுகள் காக்கின்றன. இவையே டை ராடும் ஸ்பேசரும்.

மிகப் பரவலாகப் பயன்படும் குழாயின் வெளிவிட்டம் முக்கால் அங்குலம், அதாவது 19.05 மி.மீ. அடுத்தடுத்த இரு குழாய்களின் மையங்களுக்கு இடையிலான தொலைவு, விட்டத்தைப் போல் 1.25 மடங்குக்குக் குறையக் கூடாது என்பது அமெரிக்காவின் குழாய்வகைப் பரிமாற்றி உற்பத்தியாளர் சங்கத்தின் விதி. 1939இல் தொடங்கிய அச்சங்கம் அதன் ஆங்கிலச் சுருக்கப்பெயரான டெமா என்றே உலகெங்கும் அறியப்படுகிறது. குழாய்களை முக்கோணமாக அடுக்கினால் அதே உறைக்குள் அதிகக் குழாய் கொள்ளும். சதுரமாக அடுக்கினால் நடுவே நேரான சந்துகள் கிடைக்கும். அவற்றின் வழியே உயரழுத்த நீரைப் பீய்ச்சி வெளிப்புற அழுக்கைக் கழுவலாம்.

பொதுவாகப் பாடநூல்கள் விரைந்து கடக்கும் ஒரு செய்தியில் சற்று நிற்க வேண்டும். இரும்பு நீளும். சாதாரணக் கார்பன் எஃகு, மீட்டருக்கு ஒரு பாகை செல்சியஸுக்கு ஏறத்தாழ 0.012 மி.மீ. நீளும். 6 மீட்டர் குழாய், உறையைவிட 100 பாகை அதிகம் சூடானால் 7 மி.மீ.க்கு மேல் நீள முயலும். இரண்டு முனைகளும் உறையோடு பற்றவைக்கப்பட்டிருந்தால் அந்த 7 மி.மீ. போக இடமில்லை. ஒன்று குழாய் வளையும், இல்லை முனையின் பிடிப்பு நழுவும், இல்லை உறை இழுபடும். இதற்கு விடையாகத்தான் ஒரு முனையைத் தளர விட்ட மிதக்கும் தலை வந்தது. குழாயையே கொண்டையூசி போல வளைத்து, இரு முனைகளையும் ஒரே தகட்டில் பொருத்தும் யு-குழாய் அமைப்பும் வந்தது. யு-வளைவு விரிவுக்கு மிக எளிய தீர்வு. வளைந்த முனை தன் போக்கில் நீளும், சுருங்கும். ஆனால் அந்த வளைவுப் பகுதியைத் தாங்க நேர்ப்பகுதியில் இருப்பதுபோல் துளையிட்ட தகடு வைக்க முடியாது. அங்கே தாங்கலுக்கு வேறு வழி தேட வேண்டும்.

குழாயின் முனை குழாய்த்தகட்டில் சேரும் இடமும் ஓர் இடைவெளிதான். உருளைக் கருவியைக் குழாய்க்குள் செலுத்தி, குழாயை விரித்து, துளையின் சுவரோடு அழுத்திப் பிடிக்கவைப்பது பழைய முறை. துளைச் சுவரில் இரண்டு மெல்லிய காடிகளை வெட்டியிருப்பார்கள். விரியும் உலோகம் அதற்குள் புகுந்து பிடித்துக்கொள்ளும். கல்பாக்கத்தில் உள்ள முன்மாதிரி வேக ஈனுலைக்கு இந்த முறை போதாது. அங்கே நீராவியாக்கியின் உறையில் ஓடுவது உருகிய சோடியம்; குழாய்க்குள் ஓடுவது உயரழுத்த நீர். ஒரு நுண்துளை விழுந்தாலும் நீர் சோடியத்தோடு சேர்ந்து வினைபுரியும். எனவே குழாய்த்தகட்டின் துளை ஒவ்வொன்றிலும் சிறு கழுத்துபோல் உலோகத்தை மேலெழச் செய்து, அதன் நுனியோடு குழாயின் நுனியை முனைக்கு முனையாக வைத்து, உள்துளை வழியாகவே பற்றவைக்கிறார்கள். பற்றிணைப்புக்குப் பின்னால் சந்து எதுவும் மிஞ்சாது. ஒரு நீராவியாக்கியில் 547 குழாய்கள். மொத்தம் 8 நீராவியாக்கிகள். இரு முனைகளையும் சேர்த்தால் 8,752 பற்றிணைப்புகள். குழாய் ஒவ்வொன்றும் 23 மீட்டர் நீளம். நேர்க்குழாய் விரிவதற்காக ஒவ்வொன்றிலும் ஒரு வளைவு தரப்பட்டிருக்கிறது. அழிந்தே தீர வேண்டிய இடைவெளி எது, இருந்தே ஆக வேண்டிய நெகிழ்வு எது என்று இவ்வளவு தெளிவாகப் பிரித்துக் காட்டும் கட்டுமானம் வேறொன்று என் நினைவுக்கு வரவில்லை.

முதல் பார்வை: கசிவு

1950இல் வெளிவந்த டொனால்ட் கெர்னின் நூல் வெப்பப் பரிமாற்றி வடிவமைப்பை ஒரு தலைமுறைக்குக் கற்பித்தது. அதன் கணக்கில், உறைக்குள் நுழையும் பாய்மம் முழுவதும் ஒரே ஓடையாகத் தகட்டுக்குத் தகடு வளைந்து செல்வதாகக் கொள்ளப்படும். கணக்கு எளிது, விரைவில் முடியும். நடப்பு அப்படி இல்லை.

அதை முறைப்படி சொன்னவர் டவுன்சென்ட் டிங்கர். 1951இல் அவர் உறைப்பக்கப் பாய்வைப் பல ஓடைகளாகப் பிரித்துக் காட்டினார். குழாய்களைக் குறுக்காகக் கடக்கும் உண்மையான ஓடை ஒன்று. குழாய்க்கும் துளைக்கும் நடுவே வழியும் ஓடை, தகட்டின் விளிம்புக்கும் உறைக்கும் நடுவே வழியும் ஓடை, குழாய்க்கட்டைச் சுற்றிக்கொண்டு ஓடும் ஓடை ஆகியவை அதிலிருந்து திருடிக்கொள்பவை. பின்னர், குழாய்ப்பக்கப் பிரிப்புத்தகட்டுக்காக விட்ட சந்தின் வழியே ஓடுவதும் இந்தப் பட்டியலில் சேர்ந்தது. டெலவேர் பல்கலைக்கழகத்தில் 1947இல் தொடங்கிப் பல ஆண்டுகள் நடந்த சோதனைகள் இதற்கு எண்களைத் தந்தன. கென்னத் பெல் 1963இல் அவற்றைத் தொகுத்து ஒரு கணக்கு முறையாக்கினார். அந்த முறைப்படி பார்த்தால், நன்றாக வடிவமைத்த கலனில்கூட இந்தத் திருத்தங்கள் எல்லாவற்றின் பெருக்கல் ஏறத்தாழ 0.6 அளவில்தான் நிற்கும். தூய குறுக்குப்பாய்வு தரக்கூடிய வெப்பமாற்றத்தில் ஐந்தில் இரண்டு பங்கு வழியிலேயே போய்விடுகிறது என்பது பொருள்.

சிறு இடைவெளி இவ்வளவு பறிக்குமா என்ற ஐயம் எழலாம். கணக்கிட்டுப் பார்க்கலாம். 19.05 மி.மீ. குழாய்க்கு டெமா விதிப்படி துளை 0.8 மி.மீ. பெரிதாக இருக்கலாம். ஒரு குழாயைச் சுற்றி விடுபடும் வளையத்தின் பரப்பு சுமார் 24 சதுர மி.மீ. ஒரு தகட்டை ஆயிரம் குழாய்கள் ஊடுருவினால், அந்த வளையங்களை எல்லாம் சேர்த்தால் அந்தத் தகட்டில் 17 செ.மீ.க்கும் அதிக விட்டமுள்ள ஒரு துளையைப் போட்டதற்குச் சமம். எல்லாத் தகடுகளிலும் அப்படி ஒரு துளை.

ஆனால் அதே விதி இன்னொன்றையும் சொல்கிறது. தாங்கல் இல்லாத நீளம் 36 அங்குலத்தைத் தாண்டினால் துளை 0.4 மி.மீ. மட்டுமே பெரிதாக இருக்க வேண்டும். கசிவுதான் கவலை என்றால் நீளத்தைப் பொறுத்து அளவை மாற்ற வேண்டியதில்லை. நீண்ட இடைவெளியில் நிற்கும் குழாய் அதிகம் ஆடும் என்பது விதி எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதே குழாய், எஃகாக இருந்தால், தாங்கல் இல்லாமல் 60 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது என்ற வரம்பும் உண்டு. அந்த வரம்பு பாய்வின் வேகத்தைக் கேட்பதில்லை. கசிவுக் கணக்கு நுட்பமாக வளர்ந்துகொண்டிருந்த காலத்தில், தாங்கலைப் பற்றிய அறிவு ஓர் அட்டவணையாகவே நின்றுவிட்டது.

இரண்டாம் பார்வை: துரு

இடைவெளியைச் சுருக்கினால் கசிவு குறையும், ஆட்டம் குறையும். அப்படியானால் முடிந்தவரை இறுக்கிவிடலாமே என்று தோன்றும். 1970களில் அமெரிக்க அணுமின் நிலையங்களின் நீராவியாக்கிகள் இதற்கு விடை சொல்லின.

அழுத்த நீர் உலையில் நீராவியாக்கி என்பது நெட்டுக்குத்தாக நிற்கும் பெரிய உறை-குழாய்ப் பரிமாற்றி. உலையின் சூடான நீர் ஆயிரக்கணக்கான யு-குழாய்களுக்குள் ஓடும். வெளியே உள்ள நீர் கொதித்து நீராவியாகும். அன்றைய வடிவமைப்புகள் பலவற்றில் குழாய்களைத் தாங்கியவை கார்பன் எஃகால் ஆன, வட்டத் துளையிட்ட தகடுகள். குழாய்க்கும் துளைக்கும் நடுவே உள்ள குறுகிய சந்தில் நீர் நின்று கொதித்தது; நீரிலிருந்த மாசுகள் அங்கே செறிந்தன. கார்பன் எஃகு அரித்து மேக்னடைட் என்ற இரும்பு ஆக்சைடாக மாறியது. துருவுக்கு அது பிறந்த உலோகத்தைவிட அதிக இடம் வேண்டும். அது சந்தை நிரப்பியது. நிரப்பியபின் குழாயையே நெரித்தது.

வர்ஜீனியா மாநிலத்தின் சர்ரி நிலையத்தில் இதன் விளைவு கடுமையாக இருந்தது. துரு தள்ளியதில் தாங்குதகடுகளே உருக்குலைந்தன. தகட்டின் நடுவே பாய்வுக்காக விட்டிருந்த நீள்துளைகள் இடுப்பொடுங்கிய மணற்கடிகாரம் போலச் சுருங்கின. உள்வரிசை யு-குழாய்களின் இரு கால்களும் ஒன்றை நோக்கி ஒன்று இழுக்கப்பட்டன; வளைவின் உச்சியில் தகைவு ஏறியது. 1976 செப்டம்பரில் இரண்டாம் அலகில் அப்படி ஒரு குழாய் உச்சியில் பிளந்தது. அந்த மாசுகளில் ஒன்றான குளோரைடு நீரில் புகுவதற்கு ஒரு முக்கியக் காரணம், நீராவியை மீண்டும் நீராக்கும் கண்டென்சரின் குழாய்களில் விழும் கசிவு. அதுவும் உறை-குழாய்ப் பரிமாற்றிதான். ஒரு கலனின் குழாய்க் கசிவு இன்னொரு கலனின் துளைச் சந்தில் துருவாக முடிந்த கதை இது.

இதன் பின் தாங்குதகட்டின் பொருளும் வடிவமும் மாறின. துருவேறாத எஃகு வந்தது. வட்டத் துளைக்குப் பதில் மூவிதழ்த் துளை வந்தது: குழாயை மூன்று இடங்களில் மட்டும் தொட்டு, மற்ற இடங்களில் நீர் தாராளமாக ஓட விடும் துளை. சந்தில் நீர் நிற்பது குறைந்தது. நல்ல தீர்வு. ஆனால் தொடும் பரப்பும் குறைந்தது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் பார்வை: அதிர்வு

குழாய்க்கட்டைக் குறுக்காகக் கடக்கும் பாய்வு குழாய்களை ஆட்டும். மெல்லிய ஆட்டம் எப்போதும் இருக்கும். அது தாங்குமிடத்தில் ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாக உராயும். ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் கதை வேறாகிவிடும். ஒரு குழாய் நகர்வது அடுத்த குழாயைச் சுற்றிய பாய்வை மாற்றும். மாறிய பாய்வு அந்தக் குழாயைத் தள்ளும். அது நகர்ந்து முதல் குழாயின் பாய்வை மாற்றும். பாய்விலிருந்து குழாய் எடுத்துக்கொள்ளும் ஆற்றல், தணிப்பில் இழக்கும் ஆற்றலை மிஞ்சும் கணத்தில் ஆட்டம் வீங்கிக்கொண்டே போகும். இதைப் பாய்ம-மீள்மை நிலைகுலைவு என்கிறார்கள்.

வெஸ்டிங்ஹவுஸ் ஆய்வாளர் கானர்ஸ் 1970இல் இதற்கு ஒரு சூத்திரம் தந்தார். தாங்கும் வேகம் குழாயின் இயல்பு அதிர்வெண்ணுக்கு நேர்விகிதம். குழாயின் நிறையும் தணிப்பும் கூடினால் அதுவும் கூடும். பாய்மத்தின் அடர்த்தி கூடினால் குறையும். சூத்திரத்தின் மாறிலி அவர் சோதித்த ஒற்றை வரிசைக் குழாய்களுக்கு 9.9. குழாய்க்கட்டுகளுக்குப் பின்னாளில் பரிந்துரைக்கப்பட்ட மதிப்புகள் 2.4, 3 என்று இறங்கின. ஒரே சூத்திரத்துக்குள் மூன்று, நான்கு மடங்கு வேறுபாடு இருக்கிறது என்பதை மனத்தில் வைக்க வேண்டும்.

அதிர்வெண் தாங்கல் இல்லாத நீளத்தைப் பொறுத்தது. நீளம் இரட்டித்தால் அதிர்வெண் நான்கில் ஒன்றாகும். வெட்டுத் தகடுள்ள சாதாரணப் பரிமாற்றியில் இது நேரடியாகவே நடக்கிறது. வெட்டுப் பகுதியில் நிற்கும் குழாய்க்கு ஒன்றுவிட்டு ஒரு தகடுதான் தாங்கல். நடுவில் நிற்கும் குழாயைவிட அதன் தாங்கல் இல்லாத நீளம் இரு மடங்கு. பழுதும் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். வெட்டுப் பகுதியில் குழாயே வைக்காமல் விடுவது ஒரு மருந்து. அதற்கு உறை பெரிதாக வேண்டும். 1970இல் பிலிப்ஸ் பெட்ரோலியம் நிறுவனம், அதிர்ந்து பழுதான குழாய்க்கட்டு ஒன்றுக்கு விடை தேடும்போது தகட்டையே கைவிட்டது. துளையிட்ட தகட்டுக்குப் பதில் வளையங்களில் கோத்த மெல்லிய கம்பிகள் குழாயை நான்கு பக்கமும் தொட்டு நின்றன. பாய்வு குழாயோடு நீளவாக்கில் ஓடியது. தடுப்புத்தகடு என்ற பெயரைத் தாங்கியபடியே, பாய்வைத் தடுக்கும் வேலையை விட்டுத் தாங்கும் வேலையை மட்டும் எடுத்துக்கொண்ட அமைப்பு அது. தகட்டின் முதல் கடமை எது என்ற கேள்விக்கு இதைவிட வெளிப்படையான சாட்சி வேண்டியதில்லை.

சான் ஒனோஃப்ரே

லாஸ் ஏஞ்சலஸுக்கும் சான் டியேகோவுக்கும் நடுவே கடற்கரையில் இருந்த இந்நிலையத்தின் 2, 3ஆம் அலகுகள் 1980களில் இயங்கத் தொடங்கியவை. ஒவ்வொன்றுக்கும் இரண்டு நீராவியாக்கிகள். பழைய குழாய்களின் அலாய் 600 என்ற கலப்புலோகம் அரிப்பால் விரிசல் விட்டுவந்ததால், மிட்சுபிஷி கனரகத் தொழில் நிறுவனத்திடம் புதியவை செய்து வாங்கப்பட்டன. 2ஆம் அலகு 2010இலும் 3ஆம் அலகு 2011இலும் புதிய கலன்களோடு இயங்கத் தொடங்கின.

புதிய குழாய்கள் அலாய் 690ஆல் ஆனவை. அரிப்பைத் தாங்கும், ஆனால் வெப்பம் கடத்துவதில் பழையதைவிடச் சற்றுக் குறைவு. அதே வெப்பத்தைக் கடத்த அதிகக் குழாய்ப் பரப்பு வேண்டும். உறையைப் பெரிதாக்க முடியாது. அது பழைய இடத்திலேயே பொருந்த வேண்டும். பழைய கலனின் நடுவே குழாய்த்தகட்டைத் தாங்கிநின்ற உருளை ஒன்று இருந்தது. அதை நீக்கி, அந்த இடத்திலும் குழாய்கள் வைத்தார்கள். 9,350 ஆக இருந்த எண்ணிக்கை 9,727 ஆனது. நேர்ப்பகுதியில் மூவிதழ்த் துளைத் தகடுகள். வளைவுப் பகுதியில் குழாய்த் தளங்களுக்கு நடுவே செருகிய, வி-வடிவில் வளைத்த தட்டைப் பட்டைகள்.

இந்தப் பட்டைகளைச் சற்று விளக்க வேண்டும். யு-குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்றாக, ஒரே தளத்தில் அடுக்கப்படுகின்றன. அடுத்தடுத்த தளங்களுக்கு நடுவே பட்டைகள் நிற்கும். குழாய் பக்கவாட்டில் ஆட முயன்றால் பட்டை தடுக்கும். தன் தளத்துக்குள்ளேயே, அதாவது தனக்கு உள்ளும் வெளியும் உள்ள யு-குழாயை நோக்கி ஆட முயன்றால், அதைத் தடுக்கப் பட்டைக்கும் குழாய்க்கும் நடுவே உள்ள உராய்வைத் தவிர வேறு எதுவும் இல்லை. உராய்வு வேண்டுமானால் அழுத்தம் வேண்டும். பட்டை குழாயைத் தொட்டால் போதாது, அழுத்த வேண்டும்.

தளத்துக்குள் நிலைகுலைவு நடைமுறையில் வராது என்பதே அப்போது துறையில் நிலவிய நம்பிக்கை. அதுவரை இயங்கிய யு-குழாய் நீராவியாக்கிகளில் அது கண்டறியப்பட்டதில்லை. பக்கவாட்டில் நிலைகுலைவு வராதென்று கணக்குக் காட்டினால் போதும் என்றே வடிவமைப்புகள் செய்யப்பட்டன. மறுப்புச் சான்று இல்லாமலும் இல்லை. மாண்ட்ரியாலில் வயலெட், பெட்டிக்ரூ, மூரைதி ஆகியோர், பாய்வுத் திசையில் மட்டும் நெகிழும் குழாய்களும் நீராவி-நீர் போன்ற இருநிலைப் பாய்வில் நிலைகுலையக்கூடும் என்று 2006இல் சோதனையில் காட்டியிருந்தார்கள்.

2012 ஜனவரி 31 அன்று 3ஆம் அலகில் குழாய்க் கசிவு தெரிந்தது; உலை நிறுத்தப்பட்டது. புதிய கலன்கள் இயங்கத் தொடங்கி ஓராண்டுகூட ஆகவில்லை. உள்ளே சோதித்தபோது வளைவுப் பகுதியில் குழாயோடு குழாய் உராய்ந்து தேய்ந்திருந்தது. அப்படித் தேய்ந்தவை 300க்கும் மேல். பின்னர் நடந்த அழுத்தச் சோதனையில் எட்டுக் குழாய்கள் தேறவில்லை. எரிபொருள் மாற்றத்துக்காக ஏற்கனவே நிறுத்தப்பட்டிருந்த 2ஆம் அலகையும் சோதித்தார்கள். அதில் குழாயோடு குழாய் தேய்ந்தவை இரண்டு மட்டுமே. எந்த அலகும் மீண்டும் இயங்கவில்லை. 2013 ஜூன் 7 அன்று நிலையம் நிரந்தரமாக மூடப்படும் என்று அறிவிப்பு வந்தது.

விளக்கங்களை எடைபோடுதல்

முதல் விளக்கம் கணினிக் கணக்கைக் குறைசொல்கிறது. அணு ஒழுங்குமுறை ஆணையத்தின் சிறப்பு ஆய்வுக் குழு 2012 ஜூலையில் அளித்த அறிக்கையில், உற்பத்தியாளர் பயன்படுத்திய பாய்வுக் கணக்கு நிரல் வளைவுப் பகுதியின் வேகங்களைக் குறைத்துக் காட்டியது என்றது. உண்மையில் அங்கே வேகம் அதிகம். கலவையின் கொள்ளளவில் நீராவியின் பங்கு சில இடங்களில் 99.6 விழுக்காடு வரை ஏறியது. நீர்ப்படலம் இல்லாத அவ்வளவு உலர்ந்த நீராவியில் தணிப்பும் குறைகிறது. இது வலுவான விளக்கம், மறுக்க இடமில்லை. ஆனால் போதுமானதா என்று கேட்க வேண்டும். சரியான வேகம் கிடைத்திருந்தாலும் அதைப் பக்கவாட்டு ஆட்டத்தின் கணக்கில்தான் போட்டிருப்பார்கள். தளத்துக்குள் ஆடும் ஆட்டத்துக்குக் கணக்கே இல்லை.

இரண்டாவது விளக்கம் நிர்வாகம் பற்றியது. உருளையை நீக்கி, 377 குழாய்களைச் சேர்த்து, தாங்கல்களை மாற்றியபின் இதைப் பழையதற்குப் பதில் அதேபோன்ற புதியது என்று சொல்ல முடியுமா, உரிமத் திருத்தம் கோரி முழு ஆய்வுக்கு உட்படுத்தியிருக்க வேண்டாமா என்ற வாதம். பொதுமக்கள் நலன் நோக்கில் இது நியாயமான கேள்வி, நானும் உடன்படுகிறேன். எனினும் ஆய்வு செய்பவர்களும் அதே துறையில், அதே நம்பிக்கையில் வளர்ந்தவர்களே. அவர்கள் கேட்டிருக்கக்கூடிய கேள்விகளில் இந்தக் கேள்வி இருந்திருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

மூன்றாவது விளக்கமே என்னை மிகவும் நிறுத்தியது. இரண்டு அலகுகளின் வடிவமைப்பும் ஒன்றே, பாய்வும் ஒன்றே, நிரலின் பிழையும் ஒன்றே. பிறகு ஏன் ஒன்றில் முந்நூற்றுக்கும் மேல், மற்றதில் இரண்டு? உற்பத்தியாளரின் மூலகாரண அறிக்கை இதற்குத் தந்த விடை, 3ஆம் அலகின் குழாய்களும் பட்டைகளும் அளவில் கூடுதல் துல்லியத்தோடு செய்யப்பட்டவை என்பது. 2ஆம் அலகில் அளவுகள் சற்று முன்பின்னாக இருந்தன. அந்தச் சிறு கோணல்களால் பட்டைகள் குழாய்களை அங்கங்கே அழுத்திப் பிடித்துக்கொண்டன. 3ஆம் அலகில் எல்லாம் வரைபடத்தில் உள்ளபடி, இடைவெளி சுழியாக, அழுத்தமின்றிப் பொருந்தின. பட்டை தொட்டது, பிடிக்கவில்லை.

இதற்கு மாற்றுக் கருத்தும் உண்டு. 2ஆம் அலகும் அதே பாதையில்தான் போய்க்கொண்டிருந்தது, காலம் கொடுத்திருந்தால் அதுவும் அப்படியே ஆகியிருக்கும் என்று நிலையத்தின் விமர்சகர்கள் சொன்னார்கள். அந்த இரண்டு குழாய்களின் தேய்மானம் அவர்களுக்கு ஆதரவு. 2ஆம் அலகு எல்லைக்கு வெளியே பாதுகாப்பாக நின்றது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் 2ஆம் அலகு 3ஆம் அலகைவிட ஏறத்தாழ இரு மடங்கு காலம் ஓடியிருந்தது. காலம் மட்டுமே காரணம் என்றால் தேய்மானம் அதில்தான் அதிகமாக இருந்திருக்க வேண்டும். தொடுமிடத்தின் அழுத்தம் எல்லையை முடிவு செய்தது என்ற விளக்கத்தை இந்த ஒப்பீடு வலுவாகவே தாங்குகிறது.

அணு நீராவியாக்கியின் படிப்பினையைச் சாதாரண ஆலைப் பரிமாற்றிக்குப் பொருத்தலாமா என்ற எதிர்க்கேள்வியை ஒதுக்க முடியாது. அங்கே குழாயின் சுவர் ஏறத்தாழ ஒரு மி.மீ.; கொதிக்கும் பாய்வு; ஆயிரக்கணக்கில் குழாய்கள். எண்ணெய் ஆலையின் திரவக் குளிர்விப்பானில் வேகமும் குறைவு, சுவரும் தடிமன். எண்களை எடுத்துப் பொருத்த முடியாது. ஆனால் தாங்கல் என்று வரைபடத்தில் வரையப்பட்ட கோடு எந்தத் திசையில் தாங்குகிறது, எந்த அழுத்தத்தோடு தாங்குகிறது என்ற கேள்வி எந்தப் பரிமாற்றிக்கும் பொருந்தும்.

தரவுத்தாளில் இல்லாத அளவு

ஒரு பரிமாற்றியின் தரவுத்தாளை எடுத்துப் பார்த்தால், கடத்த வேண்டிய வெப்பம், இருபக்க அழுத்த இழப்பு, அழுக்கின் தடை, குழாய்களின் எண்ணிக்கை, தகட்டின் வெட்டு விழுக்காடு, தகடுகளுக்கு இடைப்பட்ட தூரம் எல்லாம் இருக்கும். குழாய் துளைக்குள் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதற்கு அங்கே கட்டம் இல்லை. அது உற்பத்திச் சகிப்பளவாக விதிநூலில் எங்கோ ஒரு வரியில் இருக்கிறது. கசிவைக் கணக்கிடுபவர் அந்த எண்ணை எடுத்துக்கொள்கிறார். அதிர்வைக் கணக்கிடுபவர் குழாய் துளையில் சரியாகத் தாங்கப்பட்டிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு தொடங்குகிறார். அரிப்பைக் கவனிப்பவர் வேறொரு மேசையில் இருக்கிறார். மூவரும் ஒரே வளையத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். தொடும் அழுத்தத்தையும் தொடும் திசையையும் வடிவமைப்பு அளவுகளாகவே குறிக்க வேண்டும் என்பது என் நிலைப்பாடு. 2012க்குப் பின் தளத்துக்குள் நிகழும் நிலைகுலைவைப் பற்றிய ஆய்வுகள் பெருகியிருப்பது அந்தத் திசையில் ஒரு நகர்வு.

பட்டறை அளவில் இது மிகச் சாதாரணமான ஒரு வேலையில் வந்து நிற்கிறது. பழைய பரிமாற்றியில் குழாய்கள் தேய்ந்து மெலிந்துவிட்டால் குழாய்களை மட்டும் மாற்றுவது வழக்கம். புதுக் குழாய்கள் பழைய தடுப்புத்தகடுகளின் துளைகள் வழியே செருகப்படும். இத்தனை ஆண்டுகளில் அத்துளைகள் ஆட்டத்தில் அரைபட்டு நீள்வட்டமாகியிருக்கலாம்; துரு தின்று விரிந்திருக்கலாம். வெப்பக் கணக்கில் எதுவும் மாறவில்லை. நீர் அழுத்தச் சோதனையிலும் கலன் தேறிவிடும். பண்டில் வெளியே கிடக்கும் அந்தச் சில நாட்களில், தகடு தகடாக, வெட்டை ஒட்டிய வரிசைகளிலாவது துளைகளை அளந்து எழுதிவைத்தால், எந்தத் தகட்டைக் குழாய்களோடு சேர்த்து மாற்ற வேண்டும் என்பது அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.